ரீமரைக் கையில் எடுத்தால் முதலில் எங்கே பார்ப்பது?

பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்களிடம் ஒரு ரீமரை, அதாவது டிரில் போட்ட துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் பல பல் டூலைக் கொடுத்து, "இது எங்கே வெட்டும்னு காட்டு" என்று கேட்பேன். பெரும்பாலும் பல் நீளம் முழுவதையும் விரலால் தடவிக் காட்டுவார்கள். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அத்தனை நீளத்துக்கு விளிம்பு இருக்கிறதே, எல்லாம் வெட்டத்தானே என்று நினைப்பது இயல்பு.

உண்மையில் ரீமர் வெட்டுவது நுனியில் இருக்கிற சின்னச் சரிவில் மட்டும்தான். அதற்குப் பின்னால் உள்ள நீளமெல்லாம் துளையின் சுவரைப் பிடித்துக்கொண்டு நேராகப் போவதற்கு. எந்த வேகத்தில் ஓட்டுவது, எவ்வளவு மெட்டல் விட்டுவைப்பது, எந்த இடத்தில் சாணை பிடிப்பது என்று இந்த வேலையில் வருகிற கேள்விகள் எல்லாமே அந்தச் சரிவைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சேலம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கால் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ரீமர் செய்வதும் செய்யாததும்

10 மி.மீ. டிரில் பிட் போட்டால் 10 மி.மீ. துளை வரும் என்று நம்ப முடியாது. டிரில்லுக்கு வெட்டும் உதடு இரண்டுதான். சாணை பிடிக்கும்போது ஒன்று கொஞ்சம் நீண்டுவிட்டாலும் துளை பெரிதாகிவிடும். வட்டமும் சரியாக இருக்காது, சுவரில் வரி வரியாகத் தெரியும். ஒரு போல்ட் போகிற துளைக்கு அது போதும். இரண்டு பாகங்களை இடம் மாறாமல் நிறுத்தும் டவல் பின் இறங்கும் துளைக்கும், தண்டு சுழலும் புஷ்ஷுக்கும் போதாது. அங்கேதான் ரீமர் வருகிறது. ஆறு, எட்டு விளிம்புகள் ஒரே நேரத்தில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க, அளவும் வட்டமும் வழவழப்பும் கிடைக்கின்றன.

ஆனால் ரீமர் இடத்தைத் திருத்தாது. டிரில் கோணலாகப் போயிருந்தால் ரீமரும் அந்தக் கோணலிலேயே போகும். மார்க்கிங்கிலிருந்து அரை மில்லி தள்ளிப் போட்ட துளையை ரீமர் நடுவுக்குக் கொண்டுவராது. இடம் தப்பிவிட்டால் போரிங் டூல்தான் போட வேண்டும்.

வாலிலிருந்து நுனி வரை

ஒரு ரீமரை எடுத்து, எண்ணெயைத் துடைத்துவிட்டு, வால் பக்கத்திலிருந்து பாருங்கள்.

வால்தான் ஷாங்க். அதன் முனை சதுரமாக இருந்தால் கை ரீமர், டேப் ரெஞ்சில் மாட்டித் திருப்புவது. சரிவாக இறங்கி, கடைசியில் தட்டையான நாக்கு இருந்தால் மெஷின் ரீமர். அந்தச் சரிவு மோர்ஸ் டேப்பர், நாக்குக்கு டேங் என்று பெயர். சிறிய அளவுகளில் மெஷின் ரீமருக்கும் நேர் ஷாங்க் வரும், அதை டிரில் சக்கில் பிடிப்போம். அளவு, டாலரன்ஸ் (அளவு எவ்வளவு மாறலாம் என்கிற எல்லை), எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) என்கிற விவரமெல்லாம் ஷாங்கிலோ கழுத்திலோ பொறித்திருப்பார்கள். தேய்ந்து போயிருந்தால் பொறிப்பை நம்பாமல் மைக்ரோமீட்டரை எடுங்கள்.

ஷாங்குக்கும் பல்லுக்கும் நடுவே ஒல்லியாக இருப்பது கழுத்து. அடுத்தது உடல். உடலில் ஓடுகிற பள்ளங்கள் ஃப்ளூட். ஃப்ளூட் என்றால் சிப்ஸ் தங்குமிடம், கூலண்ட் போகும் வழி. இரண்டு ஃப்ளூட்டுக்கு நடுவே மேடாக நிற்பது லேண்ட், நாம் பல் என்று சொல்வது இதைத்தான்.

கடைசியாக நுனி. மெஷின் ரீமரில் விளிம்பு 45 டிகிரியில் சட்டென்று மழுங்கினாற்போல் வெட்டியிருக்கும். ஓரிரு மில்லி நீளம்தான் இருக்கும், கவனிக்காமல் விட்டுவிடுவோம். இதுதான் சாம்ஃபர், வெட்டுகிற இடம். கை ரீமரில் இப்படிச் சட்டென்று இருக்காது. பல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்குக்கு மெல்ல மெல்ல ஒடுங்கி வரும். கையால் திருப்பும்போது மெஷின் ஸ்பிண்டில் போல நேராகப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் நுனி முதலில் துளைக்குள் இறங்கி, தானே நேராக நின்று, பிறகு வெட்ட ஆரம்பிக்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். கை ரீமரை மெஷினில் ஓட்டக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அந்த நீண்ட சரிவு முழுவதும் ஒரே நேரத்தில் உரசிச் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும். சாம்ஃபர் முடிகிற இடத்தில்தான் ரீமரின் விட்டம் அதிகம். அங்கிருந்து ஷாங்கை நோக்கிப் போகப் போக மயிரிழை அளவுக்குக் குறைந்துகொண்டே போகும். இது பேக் டேப்பர். இது இல்லையென்றால் பல் நீளம் முழுவதும் சுவரில் உரசும். ஆகவே ரீமரை அளக்கும்போது சாம்ஃபருக்கு உடனே பின்னால் மைக்ரோமீட்டரை வையுங்கள். நடுப் பல்லில் அளந்துவிட்டு "ரீமர் சின்னதா இருக்கு" என்று கொண்டுவந்து கொடுத்தவர்கள் உண்டு.

ஒரு பல்லை மட்டும் கிட்டத்தில்

இப்போது ரீமரை நுனி உங்களைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரே ஒரு பல்லைப் பாருங்கள். சுழலும் திசையில் முன்னால் நிற்கும் சுவர் முகம், அதாவது ஃபேஸ். சிப்ஸ் மோதி வழுக்கிப் போவது இதில்தான். முகம் ரீமரின் மையத்தை நேராகப் பார்த்து நின்றால் ரேக் கோணம் பூஜ்யம். வார்ப்பிரும்புக்கும் பித்தளைக்கும் அது போதும். முகம் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தால் பாசிட்டிவ் ரேக், ஸ்டீலில் சில டிகிரி இருந்தால் லகுவாக வெட்டும்.

முகத்தின் உச்சியிலிருந்து பின்னால், பல்லின் தலையில் ஒரு மெல்லிய பளபளப்பான பட்டை ஓடும். அரை மில்லிகூட இருக்காது. அதுதான் மார்ஜின். துளையின் வட்டத்தோடு ஒட்டிப் போகிற மாதிரி வளைவாகக் கிரைண்ட் செய்திருப்பார்கள், அதில் கிளியரன்ஸ், அதாவது சுவரைத் தொடாமல் விலகும் இடைவெளி, கிடையாது. ரீமரின் அளவு என்று நாம் சொல்வது எதிரெதிர் மார்ஜின்களுக்கு நடுவே உள்ள தூரத்தை. மார்ஜினுக்குப் பின்னால் பல் சரிந்து இறங்கிவிடும், சுவரைத் தொடாது. நகத்தை வைத்து முகத்திலிருந்து பின்னோக்கி மெதுவாக இழுத்தால் அந்தப் பட்டை முடிந்து சரிவு தொடங்குகிற இடம் நகத்துக்குத் தெரியும். ஒரு முறை இப்படித் தொட்டுப் பார்த்துவிட்டால் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

நுனிச் சாம்ஃபரில் இதற்கு நேர்மாறு. அங்கே மார்ஜின் இல்லை, விளிம்புக்குப் பின்னாலேயே கிளியரன்ஸ் தொடங்கிவிடும், ஏனென்றால் அது வெட்ட வேண்டும்.

அப்புறம் பற்களை எண்ணுங்கள். பெரும்பாலும் இரட்டைப்படையில் இருக்கும். எதிரெதிரே இரண்டு பல் இருந்தால்தானே மைக்ரோமீட்டரில் அளக்க முடியும்? ஆனால் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சமமாக இருக்காது. ஆறு பல் ரீமர் என்றால் 60 டிகிரிக்கு ஒன்று என்று வைக்காமல் 58, 60, 62 என்பதுபோல் மாற்றி மாற்றி வைப்பார்கள். மூன்றையும் கூட்டினால் 180, அதனால் எதிர்ப்பல் நேர் எதிரேதான் நிற்கும், அளக்கவும் முடியும். சம இடைவெளியில் இருந்தால் ஒரு பல் அதிர்ந்து விட்ட தடத்திலேயே அடுத்த பல்லும் வந்து விழும். அதிர்வு பெருகி, துளை பூப்போட்ட மாதிரி வரும். இதைத்தான் சாட்டர் என்கிறோம். இந்தக் கணக்கை யோசித்தவரை நான் மனதாரப் பாராட்டுவேன்.

சுருள் எந்தப் பக்கம்?

ஃப்ளூட் நேராகவும் வரும், சுருளாகவும் வரும். சுருள் ரீமரின் பக்கத்தில் ஒரு சாதாரண டிரில் பிட்டை நிறுத்திப் பாருங்கள். டிரில்லின் சுருள் போகிற பக்கமே போனால் வலச்சுருள், எதிர்ப்பக்கம் போனால் இடச்சுருள்.

இடச்சுருள் ரீமர் சிப்ஸை முன்னால் தள்ளும். ஆகவே அடி வரை திறந்த துளைக்கு அது நல்லது, வெட்டிய சிப்ஸ் முடித்த சுவரை உரசாமல் அடிவழியே விழுந்துவிடும். சுருள் எதிர்த்திசையில் இருப்பதால் ரீமர் தானாக உள்ளே இழுத்துக்கொண்டு ஓடவும் செய்யாது. வலச்சுருள் சிப்ஸை மேலே கொண்டுவரும், அடி மூடிய துளைக்கு அதுதான். அடி மூடிய துளையில் டிரில்லைக் கொஞ்சம் ஆழமாகவே போட்டு வையுங்கள். சாம்ஃபருக்கும் சிப்ஸுக்கும் அடியில் இடம் வேண்டும்.

உள்ளே சாவிக்காடி (சாவி உட்காரும் நீளப் பள்ளம்) வெட்டிய துளை என்றால் நேர் ஃப்ளூட் ரீமரை எடுக்காதீர்கள். பல் காடிக்குள் விழுந்து அடிக்கும். சுருள் பல் காடியின் மேல் பாலம் போட்ட மாதிரி கடந்துவிடும்.

ஒரு வேலையைச் செய்து பார்ப்போம்

கொலுசு உதிரிகள் அடிக்கிற ஒரு சின்ன டை செட் (அச்சுத் தொகுதி) என்று வையுங்கள். 20 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டில் 10 மி.மீ. டவல் துளை, டாலரன்ஸ் எச்7. அதாவது துளை 10.000 முதல் 10.015 வரை இருக்கலாம்.

முதலில் ரீமரை அளந்துவிடுங்கள். டின் என்கிற ஜெர்மன் தரப்படி 10 எச்7 ரீமரின் அளவு 10.006 முதல் 10.012 வரை. மேலே 3 மைக்ரான் இடம் விட்டுவைத்திருக்கிறார்கள் பாருங்கள். ரீமர் தன் அளவைவிட ஒரு மயிரிழை பெரிதாகத்தான் வெட்டும் என்று கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிளேட்டை வைஸில் கட்டிவிட்டால் வேலை முடிகிற வரை அவிழ்க்காதீர்கள். சென்டர் டிரில், சின்ன டிரில், பிறகு 9.7 அல்லது 9.8 டிரில், உடனே ரீமர், எல்லாம் ஒரே பிடிப்பில். எல்லாத் துளையையும் டிரில் போட்டுவிட்டு, பிறகு டேபிளை நகர்த்தி நகர்த்தி ரீமர் போட்டால் நேரம் மிச்சமாவது போல் தோன்றும். ஸ்பிண்டில் ஒவ்வொரு துளைக்கும் நேராகத் திரும்ப வந்து நிற்காது. துளையின் வாய் அகன்று மணி போல் ஆகும்.

ஏன் 0.2 அல்லது 0.3 மட்டும் விடுகிறோம்? அதிகமாக விட்டால் ஃப்ளூட்டில் சிப்ஸ் அடைத்துச் சுவரைக் கீறும். ரொம்பக் குறைத்துவிட்டால் சாம்ஃபருக்கு வெட்ட ஒன்றும் கிடைக்காது, உரசிக்கொண்டே போய் முனை மழுங்கும். புதியவர்கள் செய்கிற தப்பு பெரும்பாலும் இரண்டாவதுதான். "கொஞ்சமா விட்டா ரீமருக்கு நல்லது" என்று நினைக்கிறார்கள்.

வேகம்: எம்.எஸ்.ஸுக்கு எச்.எஸ்.எஸ். ரீமர் என்றால் நிமிடத்துக்கு 8 மீட்டர் வைத்துக்கொள்ளலாம். 8ஐ 1000ஆல் பெருக்கி, 3.14ஆலும் 10ஆலும் வகுத்தால் நிமிடத்துக்கு 255 சுற்று வரும். மெஷினில் 250க்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது. டிரில்லை 800க்குப் பக்கம் ஓட்டியிருப்பீர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு. ஃபீட், அதாவது ஒரு சுற்றுக்கு இறக்கும் தூரம், மட்டும் டிரில்லைவிட இரண்டு மூன்று மடங்கு, ஒரு சுற்றுக்கு 0.25 மி.மீ. அளவுக்கு. மெதுவாகச் சுற்ற வேண்டும், தைரியமாக இறக்க வேண்டும். இந்தக் கணக்கில் 20 மி.மீ. பிளேட்டைக் கடக்க 20 விநாடிகூட ஆகாது. பயந்து பயந்து இறக்கினால் சாட்டர் வரும்.

கூலண்ட் நிற்காமல் ஓடட்டும். நடுவில் நிறுத்த வேண்டாம். சாம்ஃபரும் அதற்குப் பின்னால் கொஞ்சமும் அடியில் வெளிவந்ததும், ஸ்பிண்டில் அதே திசையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீமரை மேலே எடுங்கள். பிசிறை எடுத்து, துளையைத் துடைத்து, ஆறவிட்டு, துளையைச் சோதிக்கும் இருமுனை அளவுத் தண்டான பிளக் கேஜைப் போடுங்கள். கோ பக்கம் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும், நோ-கோ பக்கம் வாயிலேயே நிற்க வேண்டும்.

ஆறவிட்டு என்று சொன்னது சும்மா இல்லை. 20 மி.மீ. துளையுள்ள கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் வழக்கத்தைவிட 30 டிகிரி சூடேறியிருந்தால் அதன் துளை ஏறக்குறைய 0.011 மி.மீ. பெரிதாகக் காட்டும். அந்த அளவுக்கு எச்7 டாலரன்ஸே 0.021தான். சூட்டில் சரியாக இருந்த துளை ஆறியதும் பின்னைப் பிடித்துக்கொள்ளும். சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

கை ரீமரும் கிங்பின் புஷ்ஷும்

சங்ககிரி லாரிகள் ஓடுகிற ஊர்ப்பக்கம் இருப்பதால் கிங்பின் புஷ் வேலை நமக்கு வந்துகொண்டே இருக்கும். முன் ஆக்ஸிலில், சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸில் திரும்புவது இந்தப் பின்னில். மேலே ஒரு புஷ், கீழே ஒரு புஷ். பிரஸ்ஸில் அடித்து இறக்கும்போது புஷ் நெருங்கிக்கொள்வதால் உள்விட்டம் குறையும். அதனால்தான் இறக்கிய பிறகு ரீமர் போடுகிறோம். அடிக்கும்போது கிரீஸ் ஓட்டை நேராக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு புஷ்ஷும் ஒரே கோட்டில் வர வேண்டும், ஆகவே நீண்ட ரீமரோ, எதிர்ப் புஷ்ஷில் உட்காரும் கைடோ இருந்தே ஆக வேண்டும். தனித்தனியாகக் குட்டை ரீமரால் போட்டால் இரண்டிலும் பின் போகும், சேர்த்துப் போட்டால் போகாது.

நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு பட்டறையில் இந்த வேலையைத்தான் கொடுத்தார்கள். பாதி வழியில் ரெஞ்ச் இறுகியது. டேப்பால் மரை வெட்டும்போது அரைச்சுற்று பின்னால் திருப்பிப் பழகிய கை, யோசிக்காமல் ரீமரையும் பின்னால் திருப்பிவிட்டது. 'கரக்' என்று ஒரு சத்தம். மேஸ்திரி வந்து ரீமரை எடுத்துவிட்டு, புஷ்ஷுக்குள் டார்ச் அடித்து, என் சுண்டுவிரலைப் பிடித்து உள்ளே வைத்து இழுத்தார். மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு நகத்தில் தட்டியது. "தம்பி, டேப் வேற, ரீமர் வேற. இதைப் பின்னாடி திருப்பினா சிப்ஸ் மார்ஜினுக்கு அடியில் போய் உட்காந்துக்கும். உட்காந்தா சுவரையும் கீறும், பல்லையும் உடைக்கும்" என்றார். ரீமரின் ஒரு பல் நுனி போயிருந்தது. புஷ்ஷை அடித்து எடுத்துவிட்டுப் புதிது போட்டோம். லாரிக்காரர் இன்னொரு நாள் காத்திருந்தார். ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. லோடோடு அந்த ஒவ்வொரு வளைவிலும் வண்டி திரும்புவது இந்தப் புஷ்ஷை நம்பித்தான். கீறல் விழுந்த புஷ்ஷைத் துடைத்துப் போட்டு அனுப்ப மேஸ்திரிக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து எனக்கும் வருவதில்லை.

ஆக, கை ரீமரை வெளியே எடுப்பதும் முன்திசையில் சுற்றிக்கொண்டேதான். இறுகினால் அழுத்தத்தை விடுங்கள், முன்னால் சுற்றியபடியே மேலே இழுங்கள், சிப்ஸைத் துடைத்துவிட்டுத் திரும்ப இறக்குங்கள். கை வேலைக்கு விடுகிற மெட்டலும் குறைவு, 0.05 முதல் 0.1 மி.மீ. போதும். ரெஞ்சை இரண்டு கையாலும் சம பலத்தில் பிடித்துத் திருப்புங்கள். வேலையை டிரில்லிங் மெஷின் டேபிளில் வைக்க முடிந்தால், ரீமரின் வாலில் இருக்கிற சென்டர் குழியில் ஸ்பிண்டிலிலிருந்து ஒரு சென்டர் பாயிண்டை லேசாக அழுத்தி வைத்துக்கொண்டு கையால் திருப்பலாம். சாயவே சாயாது.

பழைய பின்னுக்குத் தகுந்த மாதிரி அளவு வேண்டுமென்றால் அட்ஜஸ்டபிள் ரீமர் இருக்கிறது. சரிவான காடிகளில் பிளேடுகள் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்க நட்டையும் தள்ளித் தள்ளி வைத்தால் பிளேடுகள் சரிவில் ஏறி இறங்கி விட்டம் மாறும். ஒவ்வொரு முறையும் துளியாக ஏற்றி, பின்னைப் போட்டுப் பார்த்து, திரும்ப ஏற்ற வேண்டும். டேப்பர் பின் துளைக்குத் தனி ரீமர், 50க்கு 1 சரிவு. அதில் பல் நீளம் முழுவதும் வெட்டும். நான் முதலில் சொன்னதற்கு அது விதிவிலக்கு, ஆகவே அதை ரொம்ப மெதுவாகத் திருப்புங்கள்.

மெட்டல் மாறினால்

வார்ப்பிரும்பில் சிப்ஸ் பொடியாக வரும், கூலண்ட் இல்லாமலே போடலாம், அவ்வப்போது பொடியைத் தட்டிவிட வேண்டும். அலுமினியம் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும், மண்ணெண்ணெய் விட்டால் ஒட்டாது.

ஸ்டெயின்லெஸ்தான் பொறுமையைச் சோதிக்கும். 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை வந்ததிலிருந்து ஸ்டெயின்லெஸ் என்றாலே நம் ஊர்ப் பெயர்தான், ஆகவே உங்கள் டேபிளுக்கும் அது வந்தே தீரும். ஸ்டெயின்லெஸ்ஸை உரசினால் அந்த இடம் இறுகிக் கடினமாகிவிடும். மழுங்கிய டிரில்லால் போட்ட துளையின் சுவர் ஏற்கெனவே இறுகியிருக்கும். அதில் 0.1 மட்டும் விட்டு ரீமரை இறக்கினால், இறுகிய தோலிலேயே உரசி ரீமர் செத்துவிடும். டிரில் கூராக இருக்கட்டும். 10 மி.மீ. துளைக்கு 0.3 விடுங்கள், சாம்ஃபர் அந்தத் தோலுக்கு அடியில் போய் வெட்டட்டும். வேகத்தை எம்.எஸ்.ஸைவிடக் குறையுங்கள், நல்ல வெட்டு எண்ணெய் விடுங்கள், துளைக்குள் ஒரு நொடிகூட ஃபீட் இல்லாமல் சுற்ற விடாதீர்கள்.

துளை சரியாக வராவிட்டால்

பெரிதாக வந்தால் முதலில் ஸ்லீவையும் ஷாங்கையும் துடைத்துப் பாருங்கள். டேப்பரில் ஒரு துளி சிப்ஸ் ஒட்டியிருந்தாலும் நுனி ஆடும். லேத்தில் என்றால் டெயில்ஸ்டாக் சென்டரில் இருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்க்க வேண்டும். மிதக்கும் ஹோல்டர் இருந்தால் அதில் மாட்டுங்கள், ரீமர் துளையின் போக்கில் தானாக உட்காரும். எண்ணெய் வற்றி உலர்ந்து ஓடினாலும் துளை பெரிதாகும்.

சின்னதாக வந்தால் பெரும்பாலும் மார்ஜின் தேய்ந்திருக்கும். அல்லது சூட்டோடு அளந்து சரி என்று சொல்லியிருப்பீர்கள். நீளவாக்கில் கீறல் விழுந்தால் பல்லில் ஒட்டிய மெட்டலையோ உடைந்த சாம்ஃபர் முனையையோ லென்ஸ் வைத்துத் தேடுங்கள்.

மழுங்கிய ரீமரைச் சாணை பிடிப்பது சாம்ஃபரில் மட்டும்தான், அதுவும் டூல் அண்ட் கட்டர் கிரைண்டரில், எல்லாப் பல்லும் ஒரே உயரத்தில் வரும்படி. ஒரு பல் மட்டும் உயர்ந்து நின்றால் அது ஒன்றே வெட்டும், துளை பெரிதாகும். மார்ஜினில் கல்லை வைத்தால் அளவு போய்விடும், பிறகு அந்த ரீமரை அதே அளவுக்குப் பயன்படுத்தவே முடியாது.

ரீமர்களை டிராயரில் டிரில்களோடு கொட்டி வைக்காதீர்கள். ஒன்றோடொன்று இடித்தாலே சாம்ஃபரின் விளிம்பு சிதையும். ஒரு மரக்கட்டையில் துளை போட்டு நிறுத்தி வையுங்கள், அல்லது வாங்கும்போது வந்த பிளாஸ்டிக் குழாயிலேயே எண்ணெய் தடவிப் போடுங்கள். நான் குழாயின் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, கடைசியாக எந்த மெட்டலில் போட்டேன், துளை எவ்வளவு வந்தது என்று எழுதி வைப்பேன். அடுத்து அதே அளவில் வேலை வந்தால் ரீமரை எடுப்பதற்கு முன் அந்தத் தாளைப் படித்துவிட்டு, ஒரு கழிவுத் துண்டில் ஒரு துளை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உண்மையான வேலையில் கை வைப்பேன்.